கணினியில் ரோஸ்மில்க் கொட்டிய பிறகு

எங்கள் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது யுபிஎஸ்ஸின் சுவிட்சை. எழுத்துரு, பிரிண்டர், பேப்பர் அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு அடித்துக் கொடுப்பது, பத்திரம் நகலெடுப்பது, முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது என்று நடக்கிற டிடிபி கடை. காலையும் மாலையும் கம்பிக் கூடையில் டீ டம்ளர்கள் வரும். சித்திரை, வைகாசி வெயிலில் மோரும் பன்னீர் சோடாவும் ரோஸ்மில்க்குமாக வாடிக்கையாளர்களே கையில் எடுத்து வருவார்கள். அலுவலகத்தில் கால்கடுக்க நின்றுவிட்டு வருகிறவரிடம் "உள்ளே குடிக்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால், என்றைக்காவது சிந்தத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே கடையை நடத்துகிறேன்.

யுபிஎஸ்ஸில் ஏன் தொடங்குகிறேன் என்றால், பதற்றத்தில் எல்லோரும் சுவரில் இருக்கும் சுவிட்சைத்தான் அணைக்கிறார்கள். அணைத்ததும் யுபிஎஸ் ஒலியெழுப்பியபடி தன் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். அது வாங்கி வைக்கப்பட்டதே அதற்காகத்தானே! சிறிய யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் பேட்டரி என்றாலும் வெளியே வருவது 230 வோல்ட். ஷட் டவுன் செய்துவிட்டோம் என்று நிம்மதி அடையவும் முடியாது. பவர் கார்டு செருகியிருக்கும் வரை எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டு என்ற பலகையில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் கணினி எழுந்து வருவதற்கு அது தேவை. ஆகவே யுபிஎஸ்ஸை அதன் சுவிட்சிலேயே அணைக்க வேண்டும். அடுத்து, எல்லோரும் சிபியு என்று சொல்லும் பெட்டியின் பின்னால் இருக்கும் பவர் கார்டைப் பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சம் இருக்கும் மின்சாரமும் வடியும். யுபிஎஸ்ஸோ, பல பிளக்குகளைச் செருகும் ஸ்பைக் பஸ்டரோ இருக்கும் இடத்திலேயே தண்ணீர் தேங்கியிருந்தால் அதைத் தொடவே கூடாது. முதலில் கடை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்க வேண்டும். அதன் பிறகும் யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காமல், கை காய்ந்திருக்கிறதா, காலில் ரப்பர் செருப்பு இருக்கிறதா, நிற்கும் இடம் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பின்பே கிட்டே போக வேண்டும். கணினி போனால் வேறு வாங்கலாம்.

இவ்வளவு அவசரம் எதற்கு? சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நாம் சிந்துகிற எதுவும் அப்படிப்பட்ட நீர் கிடையாது. மோரில் உப்பு, எலுமிச்சைச் சாற்றில் அமிலம், கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம், போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து. மதர்போர்டில் அருகருகே ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளுக்கு மேல் இந்த ஈரம் படிந்து, கூடவே மின்சாரமும் ஓடினால், ஒரு கோட்டின் உலோகம் கரைந்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே நூல் போல வளரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். மின்சாரம் இல்லாத ஈரம் நாட்கணக்கில் செய்யும் சேதத்தை மின்சாரம் உள்ள ஈரம் நிமிடங்களில் செய்துவிடும்.

ஆனால் எல்லாச் சிந்தலுக்கும் மின்சாரத்தை அறுக்க வேண்டியதில்லை. எங்கே சிந்தியது என்பதுதான் கேள்வி. மடிக்கணினியில் கீபோர்டுக்கு அடியிலேயே மதர்போர்டு இருக்கிறது. மேசைக் கணினியில் கீபோர்டு தனியாக ஒரு கம்பியில் தொங்குகிற பொருள். அதில் டீ கொட்டினால் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் போதும். பிறகு மவுஸை வைத்து மெனுவில் போய்க் கோப்பைச் சேமித்துக்கொள்ளலாம். பாதியில் நிற்கிற நீண்ட மனுவை இழக்க வேண்டியதில்லை. சிபியு பெட்டிக்குள் இறங்கினால் பேச்சே இல்லை, கோப்பு போனாலும் போகட்டும் என்று அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் 'ஒரு நிமிடம், சேவ் செய்துவிடுகிறேன்' என்று உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார வேண்டிய நிலைமையே வரக் கூடாது என்றுதான் எங்கள் கடையில் வேர்டின் தானியங்கிச் சேமிப்பை இரண்டு நிமிடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறோம். அது தானாக வரும்போது பத்து நிமிடமாக இருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் அடித்துவிடலாம்.

சாதாரண கீபோர்டைக் காப்பாற்றுவது சுலபம். பிடுங்கியதும் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட வேண்டும். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலும் கீழும் உள்ள தாள்களில் மின்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும், நடுத்தாள் இரண்டையும் பிரித்து வைக்கும். டீ அந்தத் தாள்களுக்கு நடுவே பரவி ஒட்டிக்கொள்வதால்தான் யாரும் தொடாமலே திரையில் ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். தாள்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாக ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். அழுத்தித் தேய்த்தால் அச்சிட்ட கோடே கையோடு வந்துவிடும். மேலே உள்ள பொத்தான்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போன்ற கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய தட்டச்சு முறையில் பழகியவருக்கு ஒரு கீபோர்டு, தமிழ்99 முறைக்கு ஒரு கீபோர்டு என்று தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்போம். தண்ணீரில் போட்டால் ஸ்டிக்கர் உரிந்துவிடும். அவற்றை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய்க்குப் புதிதே கிடைக்கும் என்பதால், பால் கலந்தது எதுவும் உள்ளே போயிருந்தால் நான் இந்த வேலையில் இறங்குவதே இல்லை.

பெட்டிக்குள் இறங்கியது ஒருமுறை. முகூர்த்த மாதம், மணப்பெண்ணின் தகப்பனார் பத்திரிகையின் பிழை திருத்தம் பார்க்க வந்திருந்தார். கூட வந்த பேரன் கையில் ரோஸ்மில்க். குழந்தை தன் உயரத்துக்கு எட்டிய இடத்தில் டம்ளரை வைத்தான். அது சிபியுவின் தலை. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் சூடு வெளியேறுவதற்காக உச்சியிலேயே சல்லடையும் காற்றாடியும் இருக்கின்றன. டம்ளர் சாய்ந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்ததால் உள்ளே ஒழுகியது போக மீதி நாலாபுறமும் தெறித்தது. என் பக்கத்தில் இருந்த, கடையில் வேலை பார்க்கும் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்து யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டாள். திரை இருண்டது. குழந்தை அழத் தொடங்கினான். பெரியவர் முகம் வெளுத்துப்போய், "அம்மா, பத்திரிகை போய்விட்டதா?" என்று கேட்டார்.

பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். செய்யவே கூடாது. நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் மதர்போர்டும் நிமிர்ந்தே நிற்கிறது, திரவம் ஒரு பாதையில்தான் கீழே இறங்கும். கவிழ்த்தால் அதுவரை நனையாத இடமெல்லாம் நனையும். நிற்கிற நிலையிலேயே பக்கத் தகட்டைக் கழற்றி, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தோம். துடைத்து இழுத்தால் பரவிவிடும். ரோஸ்மில்க்கின் நிறம் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய உதவி. வெறும் தண்ணீராக இருந்தால் எங்கே போனது என்றே தெரிந்திருக்காது. இளஞ்சிவப்புக் கோடு பிராசசருக்கு மேல் இருக்கும் காற்றாடியில் தொடங்கி, ராம் எனும் நினைவகப் பட்டை செருகும் இடத்துக்குள் நுழைந்து, மதர்போர்டின் ஓரமாக இறங்கி, அடியில் இருக்கும் பவர் சப்ளையின் சல்லடையில் முடிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வழி முழுவதையும் கைபேசியில் படமெடுத்து வைத்தேன். பிறகு சர்வீஸ் செய்யும் தம்பி வந்தபோது அந்தப் படங்கள்தான் அவருக்கு வரைபடம்.

அடுத்து, கோப்புகளெல்லாம் சேமிக்கப்படும் எஸ்எஸ்டியைக் கழற்றினோம். அதன்மேல் ஒரு துளியும் படவில்லை என்று விளக்கு அடித்துப் பார்த்த பிறகு, யுஎஸ்பி கேபிள் ஒன்றின் வழியாக இன்னொரு கணினியில் செருகினோம். பத்திரிகைக் கோப்பு பத்திரமாக இருந்தது. கடைசி இரண்டு திருத்தங்கள் மட்டும் இல்லை. பெரியவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவற்றை மறுபடி சொன்னார், மாலைக்குள் அச்சகத்துக்குப் போய்விட்டது. குழந்தைக்கு வேறு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தோம்.

நனைந்த கணினிகளைக் கொல்வதில் 'ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிடலாம்' என்ற ஆவலுக்குப் பெரிய பங்கு உண்டு. பொறுமையாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாசலில் ஆட்கள் நிற்கும்போது, உள்ளே இருக்கிற கோப்புக்கு வேறு வழியே இல்லாதபோது, யாரால் பொறுமையாக இருக்க முடியும்? கோப்பு வெளியே வந்துவிட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே எங்களுக்கு அவசரம் போய்விட்டது. நனைந்த பெட்டி ஒரு வாரம் கிடந்தாலும் வேலை நடக்கும். அதற்கான ஏற்பாட்டைச் சிந்துவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கடை சாத்தும்போது அன்றைய கோப்புறை வெளி ஹார்டு டிஸ்கிலும் இணையச் சேமிப்பிலும் ஏறிவிட வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் எஸ்எஸ்டிக்குப் பொருந்தும் கேபிள் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்க வேண்டும். மதர்போர்டிலேயே படுத்த மாதிரி செருகும் எம்.2 வகை என்றால் அதற்குத் தனி உறை தேவை. மற்ற வகை எஸ்எஸ்டிக்கான சாட்டா கேபிள் அதற்குப் பொருந்தாது. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலானவற்றின் மேல்மூடியில் காற்றழுத்தம் சமன்செய்ய ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே ஈரம் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

உலர்த்துவது பற்றி எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது. அரிசியில் போடு என்பார்கள். கணினிக்குள் இருக்கும் ஈரத்தை இழுக்கும் சக்தி அரிசிக்குக் கிடையாது, மாவுத்தூசிதான் ஒட்டும். ஹேர் டிரையரின் சூடான காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், சர்க்கரையை அதே இடத்தில் கெட்டியாக்கும். எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது, உலர்ந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் கணினியில் மோர் கொட்டியது. அவர் உடனே அணைத்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, மறுநாள் போட்டார். நன்றாகவே ஓடியது. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் எழவே இல்லை. திறந்தபோது ராமுக்குப் பக்கத்தில் பச்சைப் பாசி போல உலோகம் பூத்திருந்தது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் சர்க்கரையும் பாலின் கொழுப்பும் எங்கே போகும்? ஐப்பசி, கார்த்திகை மாதக் காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பும் சர்க்கரையும் இழுத்து, மறுபடி மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும்.

ஆகவே கழுவ வேண்டும். ஈரமாகிக் கெட்ட பொருளை மீண்டும் ஈரமாக்குவதா என்று தயங்காதவர் இல்லை. எங்கள் தம்பி செய்த முறையைச் சொல்கிறேன். மதர்போர்டில் இருந்து ராம், பிராசசர், காற்றாடி, நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி என எல்லாவற்றையும் கழற்றினார். அந்தப் பேட்டரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பவர் கார்டைப் பிடுங்கினாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். பிறகு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மென்மையான பல் துலக்கும் பிரஷால் நிறம் பட்ட இடமெல்லாம் கழுவினார். குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ உதவாது. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது மதர்போர்டிலும் படியும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. அது மிச்சமிருக்கும் நீரோடு கலந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும், சென்னையில் ரிச்சி தெருவில் தாராளமாக. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். ஜன்னலைத் திறந்து வைத்து, சாமி விளக்கும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். பிராசசர் உட்காரும் இடத்தில் மெல்லிய ஊசிகள் இருக்கும் வகை என்றால் அங்கே பிரஷை வைக்கவே கூடாது.

கழுவியதை மேசை ஃபேனுக்கு எதிரே நிறுத்தி வைத்தோம். இரண்டு நாள் என்பது குறைந்தபட்சம். மழைக்காலம் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். ராம் செருகும் இடத்தின் ஆழமும், சிப்புகளின் அடிவயிறும் கடைசியில்தான் காயும். காய்ந்த பிறகு மூக்கையும் நம்பலாம். பால் புளித்த வாடை லேசாக வந்தாலும் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு வந்தது. பக்கவாட்டில் ஒரு சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டின் அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கழற்றி மறுபடி கழுவிய பிறகுதான் அடங்கியது.

பவர் சப்ளையை மட்டும் நாங்கள் கழுவவில்லை, புதிதாக மாற்றிவிட்டோம். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், கார்டைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். வீட்டில் அதைத் திறக்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நனைந்த பவர் சப்ளையைத் திருப்பிப் போட்டு, அது கெட்டுப்போகிறபோது கழுவிய மதர்போர்டையும் கூடவே கொண்டுபோய்விட்டால் செய்த உழைப்பெல்லாம் வீண்.

முதல் தடவை ஆன் செய்தபோது முழுக் கணினியையும் பூட்டவில்லை. மதர்போர்டு, பிராசசர், காற்றாடி, ஒரே ஒரு ராம், புதிய பவர் சப்ளை, திரை. எஸ்எஸ்டி கிடையாது. திரையில் எழுத்து வந்த பிறகு அணைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். முன்பக்க யுஎஸ்பி துளைகள் இரண்டும் செத்திருந்தன. மற்றபடி அந்தக் கணினி இன்றும் மனு அடிக்கிறது.

அதற்குப் பிறகு கடையில் சில மாற்றங்கள் செய்தேன். வாடிக்கையாளர் நாற்காலிக்குப் பக்கத்தில், கணினி மேசையைவிடத் தாழ்வாக ஒரு முக்காலி போட்டேன். டம்ளர் வைக்கக் கைக்கு எட்டிய இடம் இருந்தால் மனிதர்கள் அங்கேதான் வைக்கிறார்கள். சிபியுக்களைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றினேன், ஸ்பைக் பஸ்டரை மேசையின் அடிப்பலகையில் திருகினேன். இதற்குக் காரணம் தரை துடைக்கிற வாளி. ஏசி வைத்தபோது அதன் நேர் கீழே கணினி வராதபடி பார்த்துக்கொண்டேன். தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் அறைக்குள் இருக்கும் ஏசிப் பெட்டியிலிருந்து சொட்டும், அதுவும் கடை பூட்டிய இரவில் சொட்டினால் காலையில்தான் தெரியும்.

வருஷத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்கு எல்லோருக்கும் எல்லாவற்றையும் கழுவ வேண்டும் என்ற வேகம் வந்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் நேராகப் பீய்ச்சினால் அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். திரையின் படத்தை நடத்தும் மெல்லிய பட்டைகளும் சிறு போர்டும் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் இருக்கின்றன. பிறகு திரையில் நிற்கும் செங்குத்துக் கோடுகள் எந்தத் துணிக்கும் போகாது. துணியைத்தான் நனைக்க வேண்டும், அதுவும் அணைத்து ஆறிய திரையில். சந்தனம், குங்குமம் வைப்பதை நான் விடமாட்டேன். இந்தப் பெட்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பவர் பட்டனிலும் சல்லடையிலும் வைக்காமல், பக்கத் தகட்டின் நடுவில் கெட்டிச் சந்தனமாக வைக்கிறேன். தீர்த்தம் தெளிக்கும் நேரத்தில் யுபிஎஸ் அணைந்திருக்கும், எல்லாக் கார்டுகளும் வெளியே இருக்கும்.

கையில் அவ்வளவு வசதி இல்லாதவர்கள், கழற்றிப் பழக்கமில்லாதவர்கள், மின்சாரத்தை அறுத்து, பக்கத் தகட்டைத் திறந்து ஒற்றி எடுத்து, அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டு போய்விடலாம். போகும்போது என்ன கொட்டியது, எவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது கணினி ஓடிக்கொண்டிருந்ததா, நடுவில் யாராவது ஆன் செய்து பார்த்தார்களா என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரண்டி போய்விடும் என்று பயந்து 'தானாக நின்றுவிட்டது' என்று சொல்கிறவர்கள் நிறைய. திரவச் சேதத்துக்குச் சாதாரண வாரண்டி பொதுவாக ஈடு தராது என்பதும், திறந்த உடனே அவர்களுக்குக் கறை தெரிந்துவிடும் என்பதும் ஒருபுறம். தண்ணீரா, மோரா, ரோஸ்மில்க்கா என்பது தெரிந்தால்தான் வெறுமனே உலர்த்துவதா, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுவதா என்று அவர்களால் முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்ய முடியும்.